அழிஞ்சுபோச்சா, இல்ல காட்டலையா? பூட் செக்டார் பழுதானால் என்ன செய்வது

போன வாரம் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு நண்பர் போன் பண்ணார். "ப்ரோ, டி டிரைவைத் திறந்தா ஃபார்மேட் பண்ணணும்னு சொல்லுது. பண்ணிடவா?" வேணாம், முதல்ல மவுஸ்ல இருந்து கையை எடுங்கன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். நான் சிரிக்கல. ஏன்னா அந்த இடத்துல நான் ஒரு தடவை மாட்டியிருக்கேன். அதுவும் என் லேப்டாப்ல இல்ல, எங்க அக்கா லேப்டாப்ல.

இந்த எபிசோடு அதைப் பத்திதான். ஒரே கம்ப்யூட்டர்ல விண்டோஸும் லினக்ஸும் வெச்சிருக்கிறவங்களுக்கு என்னைக்காவது வரக்கூடிய பிரச்சினை, பார்ட்டிஷனோட பூட் செக்டார் கெட்டுப்போறது. அது என்ன, ஏன் கெடுது, எப்படிச் சரி பண்றது, எதைச் செய்யவே கூடாது, எல்லாம் பார்க்கலாம். பஸ்ல போய்க்கிட்டே கேட்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால கமாண்டுகளை எழுத்தெழுத்தா வாசிக்கப் போறதில்ல. என்ன நடக்குதுன்னு புரிஞ்சா கமாண்டைத் தேடி எடுத்துக்கலாம். புரியாம கமாண்டை மட்டும் அடிச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு நானே சாட்சி.

அக்காவோட லேப்டாப்

2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. எங்க அக்காவுக்கு 2012-ல், பிளஸ் டூ படிக்கும்போது கிடைச்சுது. அதில் ரெண்டு ஓஎஸ் இருந்தது. ஒன்று விண்டோஸ் 7, இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ். டூயல் பூட்ங்கிற வார்த்தையே தெரியாத எத்தனையோ வீட்டுக்குள்ள டூயல் பூட் மெஷின் வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

நடுவுல ஒரு தடவை வைரஸ் வந்து, கடையில கொடுத்து விண்டோஸை மறுபடி போட்டாங்க. அதோட பாஸுக்கான மெனு காணாமப் போச்சு. பாஸ் டிஸ்க்ல அப்படியே இருந்தது, ஆனா அதைத் திறக்க வழி இல்ல. அக்காவுக்கு அது தேவைப்படவும் இல்ல. அவளோட எல்லா ஃபைலும் விண்டோஸ் டெஸ்க்டாப்லதான்.

2017 மார்ச். நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அக்கா எம்.எஸ்சி. கணக்கு, கடைசி செமஸ்டர். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அறுபது பக்கத்துக்கு மேல டைப் பண்ணி முடிச்சிருந்தா. அடுத்த வாரம் சப்மிட் பண்ணணும். அதே லேப்டாப்ல தாத்தாவோட சதாபிஷேக போட்டோ எல்லாம் இருந்தது. வேற எங்கேயும் காப்பி கிடையாது.

பாஸ் இருந்த இடம் சும்மா கிடக்கே, அதில் உபுண்டு 16.04 போடலாம்னு எனக்குத் தோணுச்சு. அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா: "என் ஃபைலைத் தொடாதடா." நான் தொடலை. பாஸ் பார்ட்டிஷனை மட்டும் அழிச்சு அதில் உபுண்டு போட்டேன். இன்ஸ்டாலர்ல கீழே ஒரு பெட்டி இருக்கும். பூட் லோடரை எங்கே எழுதணும்னு கேட்கும். அந்தப் பட்டியல்ல முழு டிஸ்கின் பெயர் எஸ்டிஏ. முதல் பார்ட்டிஷன் எஸ்டிஏ1, அதுக்குப் பக்கத்துல "விண்டோஸ் 7, லோடர்" அப்படின்னு போட்டிருந்தது. லோடர்னு அதுவே சொல்லுதே, அப்ப பூட் லோடர் அங்கதானே போகணும்னு நினைச்சு எஸ்டிஏ1-ஐத் தேர்ந்தெடுத்தேன். இன்ஸ்டாலர் கேட்டது, நான் சொன்னேன், அது செஞ்சது. தப்பு முழுசா என்னோடது.

ரீஸ்டார்ட் பண்ணேன். மெனு வந்தது. உபுண்டுவுக்குப் போனா ஓடுது. விண்டோஸ் 7-ஐத் தேர்ந்தெடுத்தா திரை ஒரு தடவை கண் சிமிட்டி, அதே மெனு திரும்ப வருது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே மெனு. பத்து தடவையாவது அழுத்தியிருப்பேன்.

512 பைட்டுக்குள்ள என்ன இருக்கு?

இங்க கதையை நிறுத்திட்டு, உள்ளே என்ன நடந்ததுன்னு பார்க்கலாம்.

ஹார்ட் டிஸ்க் செக்டார்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வழக்கமான கணக்கில் ஒரு செக்டார் 512 பைட். பழைய பயோஸ் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், அது டிஸ்கின் முதல் செக்டாரை மட்டும் படித்து மெமரியில் வைத்து ஓட்டும். அந்த முதல் செக்டாருக்குத்தான் மாஸ்டர் பூட் ரெக்கார்ட், சுருக்கமா எம்பிஆர் என்று பெயர். அதில் முதல் 446 பைட் ஒரு குட்டி புரோகிராம். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் பட்டியல், ஒவ்வொன்றும் 16 பைட் அளவில் நான்கு வரிகள். கடைசி 2 பைட் "55 ஏஏ" என்ற முத்திரை. இந்த 446-ஐ ஞாபகம் வெச்சுக்கங்க, கொஞ்ச நேரத்துல வில்லனா வரும்.

விண்டோஸின் எம்பிஆர் புரோகிராம் செய்வது ஒரே வேலைதான். பட்டியலில் எந்த பார்ட்டிஷன் ஆக்டிவ் என்று குறிக்கப்பட்டிருக்கிறதோ, அதன் முதல் செக்டாரைப் படித்து ஓட்டும். அந்த செக்டார்தான் பார்ட்டிஷன் பூட் செக்டார். டிஸ்குக்கு ஒரு முதல் செக்டார், ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனியா ஒரு முதல் செக்டார். நிறைய பேர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் பூட் செக்டாரில் ரெண்டு விஷயம் சேர்ந்து இருக்கிறது. ஒன்று, விண்டோஸை எழுப்பும் புரோகிராமின் ஆரம்பம். இன்னொன்று, இந்த பார்ட்டிஷனைப் பற்றிய விவரம். "என்டிஎஃப்எஸ்" என்ற பெயர், ஒரு செக்டாருக்கு எத்தனை பைட், ஒரு கிளஸ்டருக்கு எத்தனை செக்டார், மொத்தம் எத்தனை செக்டார், எம்எஃப்டி எந்த கிளஸ்டரில் ஆரம்பிக்கிறது, இதெல்லாம் அங்கே இருக்கும். எம்எஃப்டி என்பது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பெரிய பதிவேடு. அந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று சொல்வது இந்த பூட் செக்டார். பெயர் 3-வது பைட்டில் தொடங்கும். மற்ற விவரங்கள் 11-லிருந்து 83-வது பைட் வரைக்கும் இருக்கும்.

கல்யாண மண்டப வாசல்ல மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு போட்டு ஒரு பலகை வைப்பாங்க இல்லையா? பலகை காத்துல விழுந்துட்டா உள்ளே நடக்கிற கல்யாணம் நிக்காது. தாலி கட்டறதும் பந்தியும் அது பாட்டுக்கு நடக்கும். ஆனா புதுசா வர்றவங்களுக்கு இது நம்ம வீட்டுக் கல்யாணமான்னு தெரியாது. வாசலோட திரும்பிப் போயிருவாங்க. பூட் செக்டார் அந்தப் பலகை.

இப்ப என் மெனு ஏன் சுத்திச் சுத்தி வந்ததுன்னு புரியும். உபுண்டுவின் பூட் லோடர் பேரு கிரப். நான் அதை டிஸ்கின் முதல் செக்டாரில் எழுதாம, விண்டோஸ் பார்ட்டிஷனின் முதல் செக்டாரில் எழுதச் சொல்லிட்டேன். எம்பிஆர் விண்டோஸோடது, கடையில மறுபடி போட்டப்போ எழுதினது. அது ஆக்டிவ் பார்ட்டிஷனின் பூட் செக்டாரை ஓட்டுது. அங்கே இருக்கிறது கிரப். மெனு வருது. நான் விண்டோஸைக் கேட்கிறேன். விண்டோஸைத் தொடங்க கிரப் என்ன செய்யும்? விண்டோஸ் பார்ட்டிஷனின் பூட் செக்டாரை எடுத்து ஓட்டும். அங்கே இருக்கிறது அதே கிரப். தன் வீட்டு வாசல்லயே போய் நின்னு தன்னையே கூப்பிடற கதை.

ஒரு நல்ல விஷயம், கிரப் இப்படி எழுதும்போது புரோகிராம் பகுதியைத்தான் மாற்றும். பார்ட்டிஷன் விவரங்களை அப்படியே விட்டுவிடும். அதனால அந்த நேரத்துல உபுண்டுவுக்குள்ள இருந்து அக்காவோட ஃபைலை எல்லாம் திறந்து பார்க்க முடிஞ்சது. ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்திருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. எடுக்கலை. சரி பண்ணிடலாம், அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான் மனசு முழுக்க இருந்தது.

இரண்டாவது தப்பு

தேடினேன். எங்கேயோ ஒரு பதிலில், கிரப்பை எடுக்க முதல் 446 பைட்டில் பூஜ்ஜியம் எழுதுங்க, டிடி கமாண்ட் இதுதான்னு போட்டிருந்தது. அது முழு டிஸ்குக்கான ஆலோசனை. எம்பிஆரில் 446 பைட் வரைக்கும் புரோகிராம் மட்டும்தான், அதை அழிச்சாலும் பார்ட்டிஷன் பட்டியல் தப்பிச்சிரும். ஆனா நான் ரொம்பப் புத்திசாலித்தனமா யோசிச்சேன்: "நமக்கு கிரப் எஸ்டிஏ1-ல தானே இருக்கு?" கமாண்ட்ல ஒரு எழுத்தைக் கூட சேர்த்தேன். 1. என்டர் தட்டினேன்.

பார்ட்டிஷன் பூட் செக்டாரில் முதல் 446 பைட்டுக்குள் என்ன இருக்குன்னு இப்பத்தானே பார்த்தோம்? பெயர், அளவு, எம்எஃப்டியின் முகவரி, எல்லாம் அதுக்குள்ள. மொத்தமா பூஜ்ஜியம்.

டிடி எதுவும் கேட்காது. "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காது. ரீஸ்டார்ட் பண்ணேன். கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டுது. அவ்ளோதான். விண்டோஸும் இல்ல, உபுண்டுவும் இல்ல. உபுண்டுவை எழுப்பின கிரப்பின் முதல் துண்டும் அதே செக்டார்லதானே இருந்தது? அதையும் சேர்த்துத்தான் அழிச்சிருக்கேன்.

உபுண்டு போட்ட பென்டிரைவ் கையில இருந்தது. அதிலிருந்தே லைவ்வா ஏத்தினேன். அக்காவோட பார்ட்டிஷனைத் திறந்தா, என்டிஎஃப்எஸ் அடையாளமே இல்லைன்னு எர்ரர். இதையே விண்டோஸில் பார்த்திருந்தா டிரைவின் வகை "ரா" என்று காட்டும், ஃபார்மேட் செய்தாத்தான் பயன்படுத்த முடியும்னு சொல்லும். என் நண்பர் போன்ல சொன்னது அந்தப் பெட்டியைத்தான்.

ராத்திரி தூங்கலை. காலையில் பக்கத்துல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். "ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட்டுத் தர்றேன் தம்பி, 400 ரூபா. டேட்டாவுக்கு கேரண்டி கிடையாது." லேப்டாப்பைத் திரும்ப வாங்கிட்டு வீட்டுக்கு வந்து அக்காகிட்ட உண்மையைச் சொன்னேன்.

அவ கத்துவான்னு எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம் கேட்டா: "அழிஞ்சுபோச்சா, இல்ல உனக்குக் காட்டலையா? ரெண்டும் ஒன்னில்லையே."

எனக்குப் பதில் தெரியலை. மூணு வருஷமா கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன், இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கவே இல்ல. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நான் எழுதினது 446 பைட். அவ பார்ட்டிஷன் 100 ஜிபிக்கு மேல. நான் எழுதின இடம் முதல் செக்டார் மட்டும். அவ ரிப்போர்ட் அங்கே இல்ல. அப்ப ரிப்போர்ட் அழியலை. அது எங்கே இருக்குன்னு சொல்ற சீட்டுதான் போயிருக்கு.

பின்வாசல் பலகை

அந்தச் சீட்டுக்கு ஒரு நகல் இருக்கு. அதை எடுத்து வைக்க நாம எதுவும் செய்யவே வேண்டாம். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டாரின் பிரதி ஒன்றை பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் வைத்திருக்கும். விண்டோஸ் என்டி 4 காலத்திலிருந்து இடம் அதுதான். மண்டபத்தின் பின்பக்கம், பந்தி நடக்கிற வாசல்ல அதே பேரோட இன்னொரு பலகை வெச்ச மாதிரி. முன் பலகை விழுந்தா பின் பலகையைப் பார்த்து எழுதிக்கலாம்.

மற்ற ஃபைல் சிஸ்டங்களும் இதே ஜாக்கிரதையோடுதான் இருக்கின்றன. ஃபேட்32-ல் வழக்கமாக நகல் செக்டார் 6-ல் இருக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4-ல் இந்த விவரத்துக்கு சூப்பர்பிளாக் என்று பெயர். அது 1024-வது பைட்டில்தான் ஆரம்பிக்கும். முதல் 1024 பைட் பூட் லோடருக்காகவே காலியாக விடப்பட்டிருக்கும். அதனால்தான் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனின் முதல் செக்டாரில் கிரப்பை எழுதினாலும் அந்த ஃபைல் சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. சூப்பர்பிளாக்குக்கும் நகல்கள் உண்டு. பிளாக் அளவு 4 கேபி என்றால் முதல் நகல் பொதுவாக பிளாக் 32768-ல் இருக்கும். ஈ2எஃப்எஸ்சிகே கருவிக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் அங்கிருந்து படித்துச் சரி செய்யும்.

சரி, என்டிஎஃப்எஸ் நகலை எடுத்து முன்னாடி வைக்க எது உதவும்? டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதிய இலவச, திறமூல மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். பார்க்கறதுக்கு டாஸ் காலத்துத் திரை மாதிரி இருக்கும், மவுஸ் வேலை செய்யாது. பயப்படாதீங்க, அம்புக்குறி பட்டனும் என்டரும் போதும்.

சரிசெய்தது எப்படி

அன்னைக்கு நான் செஞ்சதை வரிசையா சொல்றேன். இந்த வரிசை முக்கியம்.

முதல் வேலை, இருக்கிறதை இருக்கிறபடியே காப்பி எடுக்கிறது. லைவ் உபுண்டுவில் இருந்து, கெட்டுப்போன அந்த ஒரு செக்டாரை ஒரு ஃபைலா இன்னொரு பென்டிரைவ்ல எடுத்து வெச்சேன். 512 பைட் ஃபைல். கெட்டதை எதுக்குக் காப்பி எடுக்கணும்னு கேட்கலாம். நாம சரி பண்றதா நினைச்சு இன்னும் மோசமாக்கினா, குறைஞ்சது பழைய நிலைக்காவது திரும்பலாம். டிஸ்குக்கே உடம்பு சரியில்லை, டிக் டிக்னு சத்தம் வருது, படிக்கும்போது அடிக்கடி எர்ரர் வருதுன்னா ஒரு செக்டார் போதாது. டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிஸ்கையும் வேற டிஸ்குக்கு இமேஜ் எடுத்துவிட்டு, அந்த இமேஜில்தான் வேலை செய்யணும்.

ரெண்டாவது, போன் ஹாட்ஸ்பாட்ல டெஸ்ட்டிஸ்க்கை இறக்கி, ரூட் அனுமதியோட திறந்தேன். எந்த டிஸ்க்னு கேட்கும். பேரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீங்க, அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. பென்டிரைவும் அந்தப் பட்டியல்ல இருக்கும். அடுத்து பார்ட்டிஷன் டேபிள் வகை. பழைய எம்பிஆர் டிஸ்க் என்றால் இன்டெல், புது ஜிபிடி டிஸ்க் என்றால் ஈஎஃப்ஐ ஜிபிடி. பெரும்பாலும் அதுவே சரியாகக் கண்டுபிடிச்சிரும்.

மூணாவது, முதல் மெனுவில் அட்வான்ஸ்டு. அங்கே பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து பூட் என்பதை அழுத்தினால் டெஸ்ட்டிஸ்க் ரெண்டு இடத்தையும் படித்துச் சொல்லும். எனக்கு வந்த பதில்: பூட் செக்டார் பேட். பேக்கப் பூட் செக்டார் ஓகே. அந்த ஓகேயைப் பார்த்ததும் அக்கா என் தோளைத் தட்டினா. அதுவரைக்கும் டெஸ்ட்டிஸ்க் டிஸ்கில் ஒரு பைட்கூட எழுதலை, படிச்சது மட்டும்தான்.

நாலாவது, பேக்கப் பிஎஸ். கடைசி செக்டாரில் இருக்கும் நகலை முதல் செக்டாருக்கு எழுதச் சொல்லும் பட்டன். பக்கத்திலேயே ஆர்க் பிஎஸ்னு ஒன்று வரும் சந்தர்ப்பம் உண்டு. அது நேர் எதிர், முன்னாடி இருக்கிறதை நகல் மேல் எழுதும். கெட்டுப்போன செக்டாரை நல்ல நகல் மேல் எழுதினா ரெண்டும் போச்சு. ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் ஒய் அழுத்தினேன்.

வேலை முடிய ஒரு நொடிகூட ஆகலை. பார்ட்டிஷனைத் திறந்தேன். டெஸ்க்டாப் ஃபோல்டர், அதுக்குள்ள ப்ராஜெக்ட். உடனே வேற எதையும் தொடாம, ரிப்போர்ட்டையும் தாத்தா போட்டோவையும் பென்டிரைவ்ல காப்பி எடுத்தோம். மிச்ச ரிப்பேர் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

அஞ்சாவது, கிரப்பை அது இருக்க வேண்டிய இடத்தில் வைக்கிறது. லைவ் உபுண்டுவில் இருந்தே உபுண்டு பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, கிரப் இன்ஸ்டால் கமாண்டை எஸ்டிஏவுக்குக் கொடுத்தேன். எஸ்டிஏ1 இல்ல, வெறும் எஸ்டிஏ. ரீஸ்டார்ட். மெனு வந்தது. விண்டோஸைத் தேர்ந்தெடுத்தேன். திரை இருண்டது. நாலு வண்ணம் சுழன்று சேர்ந்து விண்டோஸ் லோகோ வந்தது. அந்த லோகோவை அவ்வளவு ஆசையா நான் பார்த்தது அன்னைக்கு மட்டும்தான்.

நகலும் கெட்டிருந்தா? டெஸ்ட்டிஸ்க்கில் ரீபில்ட் பிஎஸ் என்று ஒன்று இருக்கிறது. அது டிஸ்க் முழுக்கத் தேடி, எம்எஃப்டி எங்கே, அதன் நகல் எங்கே என்று கண்டுபிடித்து, அதை வைத்து பூட் செக்டாரைப் புதிதாக எழுதித் தரும். நேரம் ஆகும். எழுதுவதற்கு முன் ஃபைல் பட்டியலைக் காட்டச் சொல்லலாம். உங்கள் ஃபோல்டர் பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள்.

ஃபைல் எல்லாம் தெரியுது, விண்டோஸ் மட்டும் ஏறலைன்னா? விண்டோஸின் தொடக்க புரோகிராம் ஒரு செக்டாருக்குள் முடிவதில்லை. முதல் 16 செக்டார்கள் அதுக்காக ஒதுக்கப்பட்டவை. நகல் எடுத்து வைக்கப்படுவது முதல் செக்டார் மட்டும்தான். நான் அழித்தது ஒரே செக்டார் என்பதால் தப்பித்தேன். அதுக்கு மேல் அழிந்திருந்தால், பழைய பயோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் டிவிடியின் ரிப்பேர் பகுதிக்குப் போய் பூட்ரெக் கருவியில் ஃபிக்ஸ்பூட் கொடுக்கணும். ஆனா பார்ட்டிஷன் "ரா" என்று இருக்கும்போது அதை ஓட்டிப் பலன் இல்லை, ஃபைல் சிஸ்டத்தை அதுக்கே அடையாளம் தெரியாது. செக்டிஸ்க்கும் அப்படித்தான், "ரா" டிரைவில் ஓட மாட்டேன் என்று சொல்லிவிடும். முதல்ல பலகை, அப்புறம்தான் மற்றது.

இப்ப வர்ற லேப்டாப்ல?

இது பழைய கதை, இப்ப எல்லாம் யூஇஎஃப்ஐ தானேன்னு சிலர் நினைக்கலாம். பாதி சரி. யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டர் பூட் செக்டார் புரோகிராமை ஓட்டுவதில்லை. ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸ் பூட் மேனேஜரும் கிரப்பும் அதில் தனித்தனி ஃபோல்டரில் ஃபைல்களாக இருக்கும். அதனால் ஒன்றின் மேல் ஒன்று எழுதும் விபத்து குறைந்துவிட்டது. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிரப் மெனு வரவில்லை என்றால் முதலில் பயோஸ் செட்டிங்கில் பூட் வரிசையைப் பாருங்கள். பல நேரம் அது மாறியிருக்கும், அவ்ளோதான்.

ஆனா பூட் செக்டாரின் ரெண்டாவது வேலை, பார்ட்டிஷன் விவரம் சொல்றது, இன்னைக்கும் அப்படியே இருக்கு. டி டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க், எதிலும் முதல் செக்டார் போனா அதே "ரா", அதே ஃபார்மேட் பெட்டி. என் நண்பருக்கு நடந்தது அதான்.

மூணு விஷயம் மட்டும் கவனிங்க. ஒன்று, எஸ்எஸ்டி. விண்டோஸில் எஸ்எஸ்டியை ஃபார்மேட் செய்யும்போது, இந்த இடமெல்லாம் இனி காலி என்று டிரிம் மூலம் எஸ்எஸ்டிக்குச் சொல்லப்படும். அதுவும் சுத்தம் செய்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்கில் குவிக் ஃபார்மேட்டுக்குப் பிறகும் மீட்க வாய்ப்பு இருந்தது. எஸ்எஸ்டியில் அதை நம்ப முடியாது.

இரண்டு, பிட்லாக்கர். புது விண்டோஸ் 11 லேப்டாப் நிறையவற்றில் டிவைஸ் என்கிரிப்ஷன் முன்கூட்டியே ஆன் ஆகியிருக்கும். அந்த பார்ட்டிஷனின் முதல் செக்டார் சாதாரண என்டிஎஃப்எஸ் மாதிரி இருக்காது, லினக்ஸில் பார்த்தால் குப்பை மாதிரிதான் தெரியும். அது பழுது இல்லை. அதை டெஸ்ட்டிஸ்க்கால் "சரி" செய்யப் போகாதீர்கள். ரெக்கவரி கீ எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

மூன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். அந்த நிலையில் உபுண்டுவில் இருந்து சி டிரைவைத் திறந்தால், விண்டோஸ் ஹைபர்னேட் ஆகியிருக்கிறது என்று மறுக்கும். இதுவும் பழுது இல்லை. விண்டோஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஆஃப் செய்துவிட்டு முழுசா ஷட் டவுன் செய்தால் சரியாகிவிடும். எர்ரர் மெசேஜை முழுசாப் படிக்கணும்னு நான் சொல்றது இதுக்குத்தான். மூணுமே "திறக்கலை"ன்னுதான் தெரியும், ஆனா மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

முடிக்கிறதுக்கு முன்னாடி

அன்னைக்கு நடந்ததைத் திரும்பிப் பார்த்தா, என் முதல் தப்பால அக்காவுக்கு ஒரு ஃபைல்கூடப் போகலை. தவறான இடத்துல கிரப் போட்டதோட நிறுத்தியிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். அவசரத்துல செஞ்ச ரெண்டாவது தப்புதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. ஃபார்மேட்னு மூணாவது ஒன்னு செஞ்சிருந்தா அறுபது பக்கமும் தாத்தாவும் போயிருப்பாங்க. எதையாவது எழுதுற கமாண்டை அடிக்கிறதுக்கு முன்னாடி அக்கா கேட்ட கேள்வியைக் கேட்டுக்கங்க. அழிஞ்சுபோச்சா, காட்டலையா? பதில் தெரியுற வரைக்கும் படிக்கிற வேலை மட்டும் செய்யுங்க.

டூயல் பூட் வெச்சிருக்கிறவங்க இந்த வாரக் கடைசியில ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. ஒரு லைவ் பென்டிரைவ் தயார் பண்ணி வைங்க. பிட்லாக்கர் இருந்தா அந்தக் கீயை வேற இடத்துல எழுதி வைங்க. பார்ட்டிஷன் பட்டியலை எஸ்எஃப்டிஸ்க் மூலமா ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலா எடுத்து உங்களுக்கே மெயில் பண்ணிக்கங்க. முக்கியமான ஃபைலுக்கு வேற ஒரு டிஸ்க்ல காப்பி இருக்கட்டும். பூட் செக்டாருக்கு நகல் வைக்க என்டிஎஃப்எஸ் இருக்கு, உங்க ரிப்போர்ட்டுக்கு நகல் வைக்க நீங்கதான் இருக்கீங்க.

நண்பர் என்ன ஆனார்னு கேட்பீங்க. அவர் டி டிரைவ்லயும் பேக்கப் பூட் செக்டார் ஓகேதான் காட்டுச்சு. போன்லயே சொல்லிச் சொல்லி, ஒன்றரை மணிக்குத் திறந்துட்டோம்.

அக்கா இப்ப ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அவளோட ஃபைல் எல்லாத்துக்கும் ரெண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி இருக்கு. இன்னைக்கு வரைக்கும் லேப்டாப்பை மட்டும் என்கிட்ட கொடுக்க மாட்டா.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.